கீமோ ஊசி புற்றுநோய்ச் செல்லை எப்படிச் சாகடிக்கிறது?

(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டியது)



கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால் கடலோரத்து மற்ற ஊர்களிலும், புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று.

“ஊசி போட்டு ஒரு வாரம் ஆச்சு, கட்டி ஏன் இன்னும் கரையலை?”

“ரெண்டு ஊசியிலேயே கட்டி காணாமப் போச்சு. இன்னும் நாலு ஊசி எதுக்கு?”

“கட்டிக்குப் போட்ட மருந்து தலைமுடியை ஏன் கொட்ட வைக்குது?”

விடை தெரியாத காரணத்தால் பாதியிலேயே சிகிச்சையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. “மிச்ச ஊசியைத் தடைக்காலத்துல போய்ப் போட்டுக்கலாம்” என்று கணவர் படகு ஏறிவிடுவார். துணைக்கு ஆளில்லாமல் மனைவியும் வீட்டிலேயே இருந்துவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடைக்காலத்துக்காக நோய் காத்திருக்காது.

மூன்று கேள்விக்கும் விடை, செல் எப்படிச் சாகிறது என்பதில் இருக்கிறது. அதைத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம் சொல்கிறது.

செல் சாவது இயற்கைதான்

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத, உயிருள்ள ஒரு சிறு அறை. அதன் நடுவே டி.என்.ஏ. என்ற நூல் சுருண்டு கிடக்கிறது. எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சாக வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாம் அந்த நூலில்தான் இருக்கின்றன.

செல் சாவது என்றதும் பயப்பட வேண்டாம். குட்டையில் நீந்தும் தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் எங்கே போகிறது? வாலில் உள்ள செல்கள் கட்டளைப்படி செத்து, உடம்போடு கரைந்துவிடுகின்றன. தாய் வயிற்றில் இருக்கும் சிசுவின் கைவிரல்களுக்கு நடுவே முதலில் வாத்துக் காலில் உள்ளது போலச் சவ்வு இருக்கும். அந்தச் செல்கள் செத்த பிறகுதான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. வளர்ந்த மனிதர் உடம்பிலும் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான கோடி செல்கள் இப்படி அமைதியாகச் சாகின்றன. அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன.

1972-ஆம் ஆண்டு கெர், வில்லி, கரி என்ற மூன்று விஞ்ஞானிகள் இதற்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நாம் ‘தானாக உதிர்தல்’ என்று வைத்துக்கொள்வோம்.

புற்றுநோய்ச் செல்லின் குற்றம் இரண்டு. ஒன்று, நிறுத்தாமல் பிரிந்துகொண்டே போகிறது. மற்றொன்று, உதிர வேண்டிய நேரத்தில் உதிர மறுக்கிறது. கீமோ மருந்தின் வேலை, சாக மறுக்கும் இந்தச் செல்லை ஏதாவது ஒரு வழியில் சாக வைப்பதே.

மருந்து செல்லை எங்கே தாக்குகிறது?

‘கீமோ’ என்பது ஒரே மருந்தின் பெயர் அல்ல. பல மருந்துகளுக்குப் பொதுப் பெயர். ஒவ்வொன்றும் செல்லின் வெவ்வேறு இடத்தில் கை வைக்கும். நான்கை மட்டும் பார்ப்போம்.

நித்தியகல்யாணி மருந்து: நம் கடற்கரை மணலிலும் இடுகாட்டு ஓரத்திலும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியை எல்லாருக்கும் தெரியும். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று கனடா நாட்டில் நோபிள், பீர் என்ற இருவர் இதன் இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆனால் எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து, 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை வெளியிட்டார்கள். அதே செடியிலிருந்து பிறகு கிடைத்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இந்தச் செடியைப் பயிராகவே போடுகிறார்கள்.

இது வேலை செய்யும் விதம்: செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ. மூட்டைகளை இரண்டு பக்கமும் இழுக்க மெல்லிய கயிறுகள் உண்டாகும். கரைவலைக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிறு இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வின்கிரிஸ்டின் அந்தக் கயிறு திரளாதபடி செய்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் பேக்லிடாக்சல் என்ற மருந்தோ, திரண்ட கயிறு பிரியாதபடி இறுக்கிவிடுகிறது. எப்படியானாலும் இழுப்பு நின்றுபோகிறது. செல் நடுவழியில் மாட்டிக்கொள்கிறது.

ஜாக்கிரதை: செடிதானே என்று நித்தியகல்யாணி இலையையோ வேரையோ கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். டன் கணக்கான இலையிலிருந்து சில கிராம் மருந்தைப் பிரித்து, உடம்பின் அளவுக்குக் கணக்குப் பார்த்து, ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். கஷாயத்தில் அளவு தெரியாது. விஷமாகிவிடும்.

சிஸ்பிளாட்டின்: பிளாட்டினம் என்ற உலோகம் கலந்த மருந்து. 1965-ல் அமெரிக்காவில் ரோசன்பர்க் என்பவர் கிருமிகள் வளரும் நீரில் பிளாட்டினக் கம்பி வழியாக மின்சாரம் விட்டபோது, கிருமிகள் பிரிவது நின்றதைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது இது. டி.என்.ஏ. நூலில் அவிழாத முடிச்சுப் போடும். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு நம்மவர்கள் ‘கரண்டு வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சோடு, வாரம் ஒரு முறை இந்த மருந்தும் ஏற்றுவது 1999 முதல் உலகெங்கும் வழக்கமாயிற்று.

மெத்தோட்ரெக்ஸேட்: கர்ப்பிணிகளுக்கு நர்ஸம்மா கொடுக்கும் போலிக் அமில மாத்திரை புதிய செல் உண்டாகத் தேவையான சத்து. அதே சாயலில் செய்த போலிச் சரக்கு இந்த மருந்து. செல் சத்து என்று நம்பி இதை எடுத்துக்கொண்டு, புது டி.என்.ஏ. நூற்க முடியாமல் திணறும். இந்த வகை மருந்துகளுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சுப்பாராவ். அமெரிக்காவில் அவருடைய ஆய்வுக்கூடத்தார் செய்து கொடுத்த மருந்தால் சில குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிறிது காலம் தணிந்ததை, 1948-ல் டாக்டர் ஃபார்பர் வெளியிட்டார்.

முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் ஒரு வகைப் புற்றுநோயை மெத்தோட்ரெக்ஸேட் குணமாக்கும் என்பது 1956 முதல் தெரிய வந்தது. முத்துப்பிள்ளை என்று டாக்டர் சொல்லியிருந்தால், சொன்ன நாளில் தவறாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பரிசோதனை முடியும் வரை அடுத்த கர்ப்பம் கூடாது.

டாக்ஸோரூபிசின்: சிவப்பு நிற மருந்து. டி.என்.ஏ. நூலை அறுபட வைக்கும். ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல.

செல் சாகும் வழிகள்

மருந்து அடித்த அடியில் செல் உடனே விழுந்துவிடுவதில்லை. அடி வாங்கிய பிறகு அது பல வழிகளில் ஒன்றில் சாகிறது.

1. தானாக உதிர்தல். செல்லுக்குள் பி-53 என்ற ஒரு காவலாள் உண்டு, 1979-ல் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. பழுதானால், “பழுது பார்க்க முடியுமா, முடியாதா?” என்று பார்ப்பது இதன் வேலை. முடியாவிட்டால் உதிரும்படி உத்தரவு போடும். உடனே காஸ்பேஸ் என்ற நுண்ணிய கத்தரிகள் கிளம்பிச் செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக நறுக்கும். பழைய கீற்றுக் கொட்டகையைப் பிரிப்பது போலத்தான்: கீற்று தனியாக, மூங்கில் தனியாகக் கட்டு கட்டி வைக்க, அடுத்த வீட்டார் தூக்கிக்கொண்டு போவார்கள். உடம்பிலும் துப்புரவு செல்கள் வந்து அந்தத் துண்டுகளை விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, வலி இல்லை. அதனால்தான் மருந்து வேலை செய்துகொண்டிருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

2. பிரியும்போது முறிதல். ஏறக்குறையப் பாதிப் புற்றுநோய்களில் பி-53 காவலாள் கெட்டுப்போயிருக்கும். அப்போது அடிபட்ட செல் உதிராமல், பழுதோடேயே இரண்டாகப் பிரியப் பார்க்கும். முடிச்சு விழுந்த நூலோடும் இழுபடாத கயிறோடும் பிரியப்போய், நடுவில் முறிந்துபோகும். இதற்குச் சில நாட்கள் ஆகும். ஒரு தடவை தப்பி, அடுத்த தடவை பிரியும்போது சாகும் செல்லும் உண்டு. ஊசி போட்டு ஒரு வாரத்தில் கட்டி கரையாததற்கு இது முக்கியமான காரணம்.

3. வெடித்துச் சாதல். அடி பலமாக இருந்தால், செல் ஊதி, தோல் கிழிந்து, உள்ளிருப்பது வெளியே கொட்டும். இது கொட்டகை தீப்பிடித்த மாதிரி. பொறி பக்கத்து வீட்டிலும் விழும். சுற்றிலும் வீக்கமும் வலியும் காய்ச்சலும் வரலாம். செல்லின் தோலில் ஓட்டை போடும் காஸ்டெர்மின் என்ற ஒருவகைப் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஏராளமாக உள்ள செல்லில், அமைதியாக உதிர வைக்கும் அதே கத்தரி, அந்தப் புரதத்தை அறுத்து அவிழ்த்துவிட்டு வெடிப்பாக மாற்றிவிடும் என்று 2017-ல் கண்டார்கள். நல்ல செல்களிலும் இந்தப் புரதம் இருப்பதால், மருந்தின் உபாதைகளில் சிலவற்றுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

4. கொழுப்புக் காறிச் சாதல். நாள்பட்ட எண்ணெய் காறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். செல்லின் தோல் கொழுப்பால் ஆனது. செல்லுக்குள் உள்ள இரும்பின் உதவியால் அந்தக் கொழுப்புக் காறி, தோல் கெட்டுச் செல் சாவது உண்டு. 2012-ல் இதற்கு ‘ஃபெரோப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மற்ற வழிகளில் சாகாத புற்றுநோய்ச் செல்லை இந்த வழியில் சாக வைக்க முடியுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். இதைப் படித்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மாத்திரை விஷயத்தில் டாக்டர் சொன்னதே சரி.

5. காட்டிக்கொடுத்துச் சாதல். டாக்ஸோரூபிசின் போன்ற சில மருந்துகளால் சாகும் செல், சாகும்போது தன் தோலின் மேல் ஒரு அடையாளத்தைக் காட்டும். உடம்பின் எதிர்ப்புப் படை அதைப் பார்த்து, “இதே ஜாடை உள்ளவன் எவன்?” என்று மற்ற புற்றுநோய்ச் செல்களையும் தேடத் தொடங்கும். 2005-ல் எலிகளிடம் செய்த சோதனையில் இது தெளிவாயிற்று.

இந்த ஐந்தும் இல்லாமல், சாகாமலே உறங்கிவிடும் செல்களும் உண்டு. அவை பிரிவதை நிறுத்திவிட்டுப் பதுங்கிக் கிடக்கும். அவற்றில் சில பின்னால் விழித்துக்கொள்ளக்கூடும்.

ஒரே மருந்து ஒரு செல்லை உதிர வைக்கும், இன்னொன்றை வெடிக்க வைக்கும். மருந்தின் அளவும் செல்லின் தன்மையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஒரு வழியை அடைத்துக்கொண்ட செல் மற்றொரு வழியில் சிக்கட்டும் என்றுதான் டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

கட்டி மறைந்த பிறகும் ஊசி எதற்கு?

ஒரு சிறு கணக்கு. ஒரு சென்டிமீட்டர், அதாவது ஒரு கொண்டைக்கடலை அளவுள்ள கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். ஒரு ஊசி 100-க்கு 99 செல்லைச் சாகடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஊசிக்குப் பின் மிச்சம்: 1 கோடி.
இரண்டாவது ஊசிக்குப் பின்: 1 லட்சம்.
மூன்றாவது ஊசிக்குப் பின்: 1,000.
நான்காவது ஊசிக்குப் பின்: 10.

ஒரு லட்சம் செல் மிச்சம் இருக்கும்போதே கையால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. “கட்டி போயிடுச்சு” என்று நாம் சொல்லும் நேரம் அதுதான். அங்கே நிறுத்தினால் அந்த ஒரு லட்சமும் மறுபடி பெருகும். அதுவும் மருந்துக்குத் தப்பிய, கெட்டியான செல்களே பெருகும். பிறகு அதே மருந்து கேட்காமல் போகலாம். உடம்பில் நடப்பது இந்தக் கணக்கைப் போல நேராக இருக்காது. நடுவில் கொஞ்சம் வளரவும் செய்யும். அதனால்தான் நாள் தவறாமல் போடச் சொல்கிறார்கள்.

முடி ஏன் கொட்டுகிறது?

மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று முகம் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பிரியும் செல்லையெல்லாம் தாக்கும். முடியின் வேர், வாயின் உட்புறம், குடல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. ஆகவே முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, பேதியாகிறது. நல்ல செல்கள் திரும்பவும் தேறிவிடும். பல மருந்துகளை 21 நாளுக்கு ஒரு முறை கொடுப்பது அந்த அவகாசத்துக்காகத்தான். சிகிச்சை முடிந்த பின் முடியும் வளரும்.

இதில் ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. ஊசி போட்ட ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில் பெரும்பாலும் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. உடம்புச் சூடு 100.4 டிகிரி வந்தால், மாத்திரை போட்டுப் படுக்க வைக்காதீர்கள். “காலையில பாத்துக்கலாம்” என்று சொல்லாதீர்கள். ராத்திரியானாலும் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், “கீமோ ஊசி போட்டவங்க, காய்ச்சல் வந்திருக்கு” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிகிச்சைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

ரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் ஒரே நேரத்தில் ஏராளமான செல்கள் சாவதால், அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். டிரிப்ஸ் ஏற்றுவதும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வதும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

தம்பதிகள் கவனத்துக்கு

கர்ப்பம்: பிரியும் செல்லைச் சாகடிக்கும் மருந்து, கருவில் பிரியும் செல்லையும் விடாது. மனைவிக்கு ஊசி போட்டாலும் சரி, கணவனுக்குப் போட்டாலும் சரி, சிகிச்சை நடக்கும்போதும், முடிந்து டாக்டர் சொல்லும் மாதங்கள் வரையிலும் கர்ப்பம் கூடாது. மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தங்கக்கூடும். எந்த முறை ஏற்றது என்பதை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கருத்தடை மாத்திரை ஆகாது. காப்பர்-டி போட விரும்பினால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே போட வேண்டும்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் பதற வேண்டாம். முதல் மூன்று மாதம் கடந்த பின் சில மருந்துகளைக் கவனமாகக் கொடுக்கிறார்கள். கருவைக் கலைப்பதா, சிகிச்சையைத் தள்ளுவதா என்று வீட்டுக்குள்ளேயே முடிவு செய்யாதீர்கள்.

குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால்: சில மருந்துகள் விந்தையும் கருமுட்டையையும் குறைத்துவிடும். விந்தையோ முட்டையையோ முன்னதாக எடுத்துச் சேமித்து வைக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சேர்க்கை: உடல் தெம்பாக இருந்து, இருவருக்கும் மனமிருந்தால் தடை இல்லை. மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் நாட்களில் நிரோத் அவசியம். அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் தவிர்ப்பது நல்லது.

தாய்ப்பால்: மருந்து பாலில் கலக்கும். ஊசி போடும் காலத்தில் பால் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வீட்டில்: புற்றுநோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். தட்டையும் பாயையும் தனியே ஒதுக்குவது பாவம். ஆனால் ஊசி போட்ட 48 மணி நேரத்துக்கு சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும். அவற்றைக் கையுறையோடு சுத்தம் செய்து, அழுக்குத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

எங்கே போவது?

கீமோ சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் பஸ் உண்டு. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருப்பவர்கள் அதை மறக்காமல் கொண்டு போக வேண்டும்.

போய் வர ஒரு நாள் கூலி போகும், ஒரு நாள் பாடு போகும் என்பது உண்மைதான். முதல் ஊசி அன்றைக்கே மற்ற ஊசிகளின் தேதிகளை எழுதி வாங்கிக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த நாட்களில் படகுக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்ய முடியும். கணவர் கடலில் இருந்தால் கூடப் போவது யார் என்று அண்ணி, நாத்தனார், அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மறவாதீர்

• கட்டி மறைவது வேறு, நோய் தீர்வது வேறு. எழுதிக் கொடுத்த ஊசி முழுவதையும் போடுங்கள்.
• தேதி தள்ளிப்போனால் உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள். நீங்களாக ஒரு ஊசியை விடாதீர்கள்.
• 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அப்போதே ஆஸ்பத்திரி.
• சிகிச்சை முடிந்து டாக்டர் சொல்லும் வரை கர்ப்பம் வேண்டாம்.
• கஷாயம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள்.
• மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு, சேர்க்கைக்குப் பின் உதிரப்போக்கு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது சாக வேண்டிய செல்லும் குறைவு.